மண்ணுக்கும் வயசு உண்டு: வசீலி தொகுச்சாயேவின் கதை

மல்லாங்கிணறு, காரியாபட்டி, திருச்சுழிப் பக்கம் மண்ணுக்குத் தனித்தனிப் பேர் இருக்கு. பருத்தியும் மல்லியும் விளையிற கறுப்பு மண் கரிசல். சிவப்பா இருந்தா செவல். ஓடையிலும் கண்மாயிலும் தண்ணி கொண்டு வந்து படிய வைக்கிறது வண்டல். கோடையில வெள்ளை பூத்துக் கிடந்தா உவர். இதில் கரிசலை மட்டும் ஒரு பையில் அள்ளிட்டு வந்து நம்ம சாயில் மெக்கானிக்ஸ் லேப்ல கொடுத்துப் பாருங்க. லிக்விட் லிமிட், பிளாஸ்டிக் லிமிட் ரெண்டையும் எடுத்து, சார்ட்ல புள்ளி வச்சு, ஐ.எஸ். 1498 படி அதுக்கு 'சி.எச்.' என்று ரெண்டு எழுத்துல பேர் வச்சிடுவோம். அதிகமா இளகுற, அதிகமா வீங்குற களிமண் என்று அர்த்தம். அதே நிலத்துக்குத் தாலுகா ஆபீஸ்ல மூணாவதா ஒரு பேர் உண்டு. அ-பதிவேட்டுல 'மண் வயனமும் ரகமும்' என்று ஒரு இடம் இருக்கும், அதில் வெறும் ரெண்டு எண்கள். வெள்ளைக்காரன் காலத்துத் தீர்வைக் கணக்கில் இருந்து வந்த பழக்கம் அது.

விவசாயிக்கு என்ன விளையும் என்று தெரியணும். நமக்கு எவ்வளவு பாரம் தாங்கும் என்று தெரியணும். அரசாங்கத்துக்கு எவ்வளவு வரி வரும் என்று தெரியணும். மூணு பேருமே மண்ணைப் பார்த்துக் கேட்கிறது தன்னோட தேவையைத்தான். இந்த மண் எப்படிப் பொறந்தது, இங்க ஏன் இப்படி இருக்கு, அதுக்கு வயசு என்ன என்று கேட்டு, அந்தப் பதிலை வச்சே மண்ணை வகை பிரிக்கணும் என்று சொன்னவர் ஒரு ரஷ்யர். வசீலி வசீலியேவிச் தொகுச்சாயேவ். மண்ணியல் என்கிற படிப்பே அவர்கிட்ட இருந்துதான் ஆரம்பிக்குது என்று சொல்றது வழக்கம். சிவில் படிக்கிற நமக்கு டெர்சாகியைத் தெரியும், இவரைத் தெரியாது. டெர்சாகி பிராக் நகரத்தில் பொறந்த 1883-ஆம் வருஷம்தான் தொகுச்சாயேவின் பெரிய புத்தகமும் வெளிவந்தது. ஒரே வருஷம், ரெண்டு விதமான மண் படிப்பு. நாம ஒண்ணை மட்டும் படிச்சோம்.

அவர் பொறந்தது 1846 மார்ச் 1, ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் மாகாணத்தில் மிலியுகோவோ என்ற கிராமத்தில். அப்பா அந்த ஊர் சர்ச்சில் பாதிரியார். பாதிரியார் பையன் பாதிரியார் ஆகணும் என்பதுதான் அந்தக் காலத்து ஏற்பாடு. சர்ச் நடத்தின பள்ளியில் படிச்சு, ஸ்மோலென்ஸ்க் செமினரி முடிச்சு, 1867-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த இறையியல் உயர்கல்விக் கூடத்துக்குப் போனார். சில வாரம்தான் இருந்தார். அங்கிருந்து கிளம்பி அதே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் சேர்ந்துட்டார். வீட்டில் பார்த்து வச்ச கோர்ஸை விட்டுட்டு வேற பக்கம் போறது அன்னைக்கும் சின்ன விஷயம் இல்ல.

படிப்பு முடியிற நேரத்தில், 1871-ல், அவர் எடுத்துக்கிட்ட தலைப்பைப் பாருங்க. சொந்த ஊர்ப் பக்கம் ஓடுற கச்னியா என்ற சின்ன ஆறு, அது கரையில் கொண்டு வந்து போட்ட படிவுகள். நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் குண்டாத்து வண்டலைப் ப்ராஜெக்டா எடுத்த மாதிரி. வைரம், தங்கம், எலும்புப் படிமம் எதுவும் அதில் கிடையாது. அடுத்த வருஷம் பல்கலைக்கழகத்தில் நிலவியல் சேகரிப்பைப் பார்த்துக்கிற வேலை கிடைச்சது. ஆனா ஆறு அவரை விடல. 1878-ல் முதுநிலை ஆய்வுக்கு அவர் கொடுத்தது ரஷ்யாவின் ஆத்துப் பள்ளத்தாக்குகள் எப்படி உருவாச்சு என்கிற புத்தகம். மழைத்தண்ணி அறுத்த ஓடைகள் வளர்ந்து வளர்ந்து பள்ளத்தாக்கு ஆகுது என்பது அதில் அவர் காட்டின முக்கியமான வழி. ஆறு மண்ணை எடுக்கிறதையும் போடுறதையும் பல வருஷம் பார்த்த கண்ணோடதான் அவர் கறுப்பு மண்ணுக்கு வந்தார்.

தெற்கு ரஷ்யாவிலும் உக்ரைனிலும் மரம் இல்லாத புல்வெளி நூத்துக்கணக்கான கிலோமீட்டருக்கு விரிஞ்சு கிடக்கும். ஸ்டெப்பி என்பாங்க. அதுக்குக் கீழ இருக்கிற மண்ணுக்கு விவசாயிகள் வச்ச பேர் செர்னோசியம். 'கறுப்பு மண்' என்றுதான் அர்த்தம், நம்ம கரிசல் மாதிரியே. ரஷ்யாவின் கோதுமை அந்த மண்ணை நம்பித்தான் இருந்தது. 1873-லும் 1875-லும் மழை பொய்ச்சு விளைச்சல் விழுந்ததும் அரசாங்கத்துக்கும் பண்ணையார்களுக்கும் பயம் வந்துடுச்சு. 1765-ல் இருந்து நடந்துக்கிட்டிருந்த சுதந்திரப் பொருளாதாரச் சங்கம் என்ற அமைப்பு, இந்த மண்ணை ஒழுங்கா ஆராயணும் என்று முடிவு பண்ணி தொகுச்சாயேவிடம் பொறுப்பைக் கொடுத்தது.

1877, 1878 ரெண்டு கோடையிலும் அவர் குதிரை வண்டியிலும் நடந்தும் ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர் சுத்தினார். அதே 1877-ல் நம்ம பக்கம் தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணம் முழுக்க ஜனங்க செத்துக்கிட்டிருந்தாங்க. அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு இங்கேயும் கமிஷன் போட்டாங்க, விவசாயத் துறைகள் வந்தது, அப்புறம் மண்ணையும் ஆராய ஆரம்பிச்சாங்க. மண்ணைப் பத்தின அக்கறை ரெண்டு நாட்டிலும் பசி வந்த பிறகுதான் வந்திருக்கு.

அவர் பண்ணின வேலை வெளியில் பார்க்க ரொம்ப எளிமை. ஒரு குழி வெட்டணும். சுவரைச் சீவிச் சுத்தம் பண்ணணும். மேல இருந்து கீழ வரைக்கும் நிறம், பருமன், வேர், பூச்சி போன வழி எல்லாத்தையும் எழுதணும். மேல கறுப்பா மக்கு நிறைஞ்ச அடுக்குக்கு ஏ. நடுவில் நிறம் மாறுற அடுக்குக்கு பி. அடியில் இன்னும் மண்ணா மாறாத தாய்ப்பொருளுக்கு சி. இன்னைக்கும் உலகம் முழுக்க மண் சர்வே எழுதுறவங்க இந்த எழுத்துகளைத்தான் பயன்படுத்துறாங்க.

செர்னோசியம் எப்படி வந்தது என்பதில் அப்போ பெரிய சண்டை. கடல் பின்வாங்கினப்போ விட்டுட்டுப் போன சேறு என்று சொன்னவங்க இருந்தாங்க. மர்ச்சிசன் என்ற பெரிய நிலவியலாளரும் அந்தக் கட்சிதான். பழைய சதுப்பு நிலம் காய்ஞ்சு வந்தது என்றார்கள் வேற சிலர். ருப்ரெக்ட் என்ற தாவரவியலாளர் மட்டும் 1866-ல், இது நிலத்தில் வளர்ந்த புல்லில் இருந்து வந்தது என்று சொல்லியிருந்தார். தொகுச்சாயேவ் குழி குழியாப் பார்த்து, புல் கட்சிதான் சரி என்று காட்டினார். ஆனா அதோட நிக்கல. புல் எல்லா இடத்திலும்தான் வளருது, ஏன் இங்க மட்டும் இவ்வளவு கறுப்பு?

அதுக்கு அவர் கொடுத்த பதில்தான் அவரோட மொத்தக் கண்டுபிடிப்பும். புல்லோட வேர் மயிர் மாதிரி மெல்லிசா, அடர்த்தியா, மண்ணுக்குள்ளேயே இறங்கி இருக்கும். வருஷா வருஷம் அதில் ஒரு பங்கு செத்து மண்ணுக்குள்ளேயே மக்கும். மரத்தில் அப்படி இல்ல, இலை தரைமேல விழும். ஸ்டெப்பியில் கோடை வறட்சி, குளிர்காலத்தில் பனி உறைவு. ரெண்டு நேரத்திலும் மக்குறது நின்னுடும். அதனால சேருற அளவுக்குக் கரையிறதில்ல. மழை கம்மி, ஆகவே சுண்ணாம்பு அடித்துக்கொண்டு போகாம மண்ணிலேயே தங்கி, மக்கைப் பிடிச்சு வச்சுக்கும். அடியில் காத்து கொண்டு வந்து கொட்டின மாவு மாதிரியான லோயஸ் படிவு, வேர் ஈசியா இறங்கும். வளை தோண்டுற பிராணிகள் மேல் மண்ணைக் கீழும் கீழ் மண்ணை மேலும் மாத்திப் போடும். குழிச் சுவரில் பார்த்தா அந்தப் பழைய வளைகள், வெளுத்த மண்ணுக்குள்ள கறுப்பு வட்டமா, கறுப்புக்குள்ள வெளுத்த வட்டமாத் தெரியும். இத்தனையும் ஆயிரக்கணக்கான வருஷம் தொடர்ந்து நடக்கணும்.

ஆக மண் என்பது தாய்ப்பாறை, தட்பவெப்பம், உயிர்கள், நிலத்தோட மேடு பள்ளம், காலம் ஆகிய அஞ்சும் சேர்ந்து உருவாக்குற தனிப் பொருள். பாறை நொறுங்கினா மட்டும் மண் ஆகிடாது. கேட்க சாதாரணமா இருக்கலாம். ஆனா அதுவரைக்கும் மண்ணை நிலவியல்காரங்க தூளான பாறையாப் பார்த்தாங்க, வேதியியல்காரங்க உரச் சத்து வச்சிருக்கிற டப்பாவாப் பார்த்தாங்க. இதை எல்லாம் சேர்த்து எழுதின புத்தகம்தான் 1883-ல் வந்த 'ரஷ்யச் செர்னோசியம்'. மேல் மண்ணில் மக்கு எத்தனை சதவீதம் என்பதை வச்சு நிலப்படத்தில் பட்டை பட்டையா வரைஞ்சிருந்தார். நல்ல இடங்களில் அது 10 சதவீதத்தைத் தாண்டும். அந்த டிசம்பரில் டாக்டர் பட்டத்துக்காக அதை முன்வச்சப்போ கேள்வி கேட்க உட்கார்ந்தவர்களில் ஒருத்தர் மெண்டலீவ். ஆமா, பீரியாடிக் டேபிள் மெண்டலீவ்தான்.

எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க என்று நினைக்க வேண்டாம். கோஸ்திசேவ் என்ற வேளாண் அறிஞர் கடுமையா எதிர்த்தார். மக்கை உருவாக்குறதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுக்கு இருக்கிற பங்கைத் தொகுச்சாயேவ் சரியாக் கவனிக்கல என்பது அவரோட பக்கம். அதில் நியாயமும் இருந்தது. பிற்காலத்து மண்ணியல் ரெண்டு பேரிடம் இருந்தும் எடுத்துக்கிட்டது.

பேர் வைக்கிற விஷயத்தில் தொகுச்சாயேவ் பண்ணின ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிக்கும். லத்தீன்ல புதுசா எதுவும் உருவாக்கல. விவசாயிகள் வாயில் இருந்த பேரையே எடுத்து அறிவியல் பேராக்கினார். செர்னோசியம் அப்படித்தான். பாட்சால் என்று உலகம் முழுக்கச் சொல்ற, காட்டு மரத்தடியில் சாம்பல் மாதிரி வெளுத்துப்போன மண்ணோட பேரும் அவர் பொறந்த ஸ்மோலென்ஸ்க் குடியானவங்க பேச்சுதான். கி. ராஜநாராயணன் 1982-ல் கரிசல் வட்டாரச் சொல்லகராதி கொண்டு வந்தப்போ எந்த மதிப்பை அந்தச் சொற்களுக்குக் கொடுத்தாரோ, அந்த மதிப்பை நூறு வருஷம் முன்னாடி மண் பேருக்கு இவர் கொடுத்தார்.

இப்போ ஆத்துக்குத் திரும்புவோம். 1882-ல் நீஷ்னி நோவ்கரத் மாகாணத்து உள்ளாட்சி அமைப்பு அவரைக் கூப்பிட்டது. நிலவரி ஒழுங்காப் போடணும், அதுக்கு எந்த நிலம் எவ்வளவு பெறும் என்று மதிப்பிட்டுக் கொடுங்க என்றார்கள். நம்ம அ-பதிவேட்டு எண்களும் இதே தேவையில்தான் வந்தது. தொகுச்சாயேவ் ஒரு நிபந்தனை மாதிரி வச்சது என்னன்னா, முதல்ல மண்ணை மண்ணாப் படிப்போம், விலையை அப்புறம் பேசுவோம். தன்னோட மாணவர்களைக் கூட்டிக்கிட்டு 1886 வரைக்கும் மாவட்டம் மாவட்டமாப் போனார். 14 தொகுதிகளா அறிக்கை வந்தது. சிபிர்த்சேவ், லெவின்சன்-லெசிங் எல்லாரும் அந்தக் குழிகளில் இறங்கித்தான் வேலை கத்துக்கிட்டாங்க. 1888-ல் ஆரம்பிச்ச பல்தாவா ஆய்வில் வெர்னாட்ஸ்கியும் சேர்ந்தார். பின்னாளில் உயிர்க்கோளம் என்ற கருத்தை விரிவா எழுதி உலகப் புகழ் பெற்ற அதே வெர்னாட்ஸ்கி.

1886-ல் நீஷ்னி நோவ்கரத் வேலையோட சேர்த்து அவர் ஒரு வகைப்பாடு வெளியிட்டார். மண்களை இயல்பான மண், இடைநிலை மண், இயல்பில்லாத மண் என்று பிரிச்சார். செர்னோசியம் முதல் வகை. ஆத்து வெள்ளம் ஏறி இறங்குற சமவெளியில், பச்சைப் பசேல்னு புல் வளர்ந்து நிக்கிற வண்டல் மண்ணை எங்க வச்சார் தெரியுமா? இயல்பில்லாத மண்ணில்.

முதல்ல படிக்கிறப்போ இது அநியாயமாத் தோணும். ஸ்டெப்பியிலும் புல், ஆத்தோரத்திலும் புல். சொல்லப்போனா ஆத்தோரப் புல் இன்னும் அடர்த்தி. ரஷ்யக் கிராமங்களில் மாட்டுக்கு வைக்கோல் அறுத்ததே அங்கேதான். அப்படி இருக்க ஒண்ணு இயல்பு, இன்னொண்ணு இயல்பில்லாததா?

காரணம் காலம். வெள்ளச் சமவெளியில் குழி வெட்டினா தெரியும். ஆத்துக்குப் பக்கத்தில் வேகமா வந்த தண்ணி கனமான மணலை முதல்ல போட்டுடும், கரை கொஞ்சம் மேடாகும். தள்ளிப் போகப் போக தண்ணி மெதுவாகும், மென்மையான வண்டல் படியும். இன்னும் தூரத்துப் பள்ளத்தில் நின்ன தண்ணியில் களி இறங்கும். அங்க நீர்மட்டம் மேலேயே இருக்கிறதால காத்துப் போகாம மண் நீலம் கலந்த சாம்பலா மாறி, நடுநடுவே துரு மாதிரிப் புள்ளி விழும். மேல புல் முளைக்கும், வேர் விடும், ஏ அடுக்கு ஒண்ணு கறுக்க ஆரம்பிக்கும். அதுக்குள்ள அடுத்த வெள்ளம் வந்து புது வண்டலைப் போட்டு அதை மூடிடும். புல் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஸ்டெப்பி மண்ணில் கீழ போகப் போக மக்கு ஒரே சீரா குறையும். வெள்ள மண்ணில் குறையும், திடீர்னு கூடும், மறுபடி குறையும். அந்தக் கூடுற இடம் ஒவ்வொண்ணும் எப்பவோ ஒரு காலத்துப் புல்தரை.

அஞ்சு காரணிகளில் நாலு சரியா இருந்தும் அஞ்சாவது கூடி வராத மண் அது. ஒவ்வொரு வெள்ளமும் கடிகாரத்தைத் திருப்பி வச்சுடுது. ஆறு தடம் மாறினாலோ, பள்ளத்தை ஆழமா அறுத்துக்கிட்டுக் கீழ போயிட்டாலோ, பழைய சமவெளிக்கு வெள்ளம் ஏறாது. அப்போ இருந்துதான் அந்த மண்ணுக்கு வயசு ஏற ஆரம்பிக்கும், மெல்ல மெல்ல அந்த வட்டாரத்து இயல்பான மண்ணா மாறும். ஆகவே 'இயல்பில்லாத' என்பதை 'மட்டமான' என்று எடுத்துக்கக் கூடாது. விளைச்சல் கணக்குப் பார்த்தா அது உசத்தியான மண்ணாக்கூட இருக்கும். இதில் ஒரு ஆச்சரியம், சென்னை மாகாணத்து ரயத்துவாரித் தீர்வைக் கணக்கிலும் ஆத்து வண்டலைக் கரிசல், செவல் வரிசையில் சேர்க்காம 'விதிவிலக்கு' வகையில் தனியாத்தான் வச்சாங்க. அவங்க பார்த்தது விளைச்சல், இவர் பார்த்தது பிறப்பு. ரெண்டு பேருக்கும் வண்டல் வரிசைக்கு வெளியேதான் நின்னிருக்கு. பிற்பாடு சிபிர்த்சேவ் குருவோட மூணு வகையை வட்டார மண், இடைவட்டார மண், வட்டாரம் சாரா மண் என்று பேர் மாத்திச் சீர்படுத்தினப்பவும் வெள்ள வண்டல் கடைசியில்தான் இருந்தது.

1889-ல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்குப் போன அவரோட ரஷ்ய மண் தொகுப்புக்குத் தங்கப் பதக்கம் கிடைச்சது. அடுத்த ரெண்டு வருஷத்தில் அந்தக் கறுப்பு மண் நாட்டிலேயே சோறு இல்லாம போச்சு.

1891-ல் மழை சுத்தமாப் பொய்ச்சது. பஞ்சமும் பின்னாடியே வந்த காலராவும் டைஃபஸும் லட்சக்கணக்கான உயிரைக் கொண்டு போச்சு. உலகத்திலேயே செழிப்பான மண் என்று அவர் புத்தகம் எழுதின இடத்தில் ஜனங்க பட்டினி கிடந்தாங்க. தொகுச்சாயேவ் வேகமா 1892-ல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார், ஸ்டெப்பி அன்னைக்கு எப்படி இருந்தது, இன்னைக்கு எப்படி ஆச்சு என்று. வித்த காசு பஞ்சத்தில் அடிபட்டவங்களுக்கு. மழை இல்லாதது மட்டும் காரணம் இல்ல என்பது அதன் சாரம். புல்லை உழுதாச்சு, மரத்தை வெட்டியாச்சு, ஓடை அறுத்து அறுத்து நிலத்தடி நீரை வடிச்சுடுச்சு, பனி உருகின தண்ணி மண்ணுக்குள்ள இறங்காம ஆத்துக்கு ஓடிடுது. அவர் சொன்ன வழிகளும் தெளிவு. ஓடைகளைக் கட்டுப்படுத்தணும், மேட்டு நிலத்தில் வரிசையாக் குளம் வெட்டி உருகுற தண்ணியைத் தேக்கணும், காத்தைத் தடுக்க வரிசை வரிசையா மரம் வைக்கணும், உழவு நிலம், புல், காடு மூணுக்கும் ஒரு விகிதம் வச்சுக்கணும். மேல இருக்கிற கண்மாய் நிறைஞ்சு கீழ இருக்கிறதுக்கு மறுகால் போற நம்ம ஊர்க்காரங்களுக்கு அந்தக் குளம் விஷயம் புதுசு இல்ல. ஆனா ஸ்டெப்பி விவசாயிக்குப் புதுசு.

அதே 1892-ல் வனத்துறை ஒரு சிறப்பு ஆய்வுக் குழு போட்டு அவரைத் தலைவராக்கியது. மூணு இடம் தேர்ந்தெடுத்தாங்க. அதில் வரோனெஷ் மாகாணத்துக் கல் ஸ்டெப்பியில் அவங்க வச்ச மர வரிசைகள் இன்னைக்கும் நிக்குது, குளங்களும் இருக்கு. அதே நேரத்தில் போலந்துப் பகுதியில், இப்போ புவாவி என்று பேர் இருக்கிற நகரத்து வேளாண் கல்லூரிக்கும் அவர்தான் இயக்குநர். நொடிச்சுப் போயிருந்த அந்தக் கல்லூரியைத் தூக்கி நிறுத்தி, 1894-ல் உலகத்தின் முதல் மண்ணியல் துறையை அங்க உருவாக்கி, சிபிர்த்சேவைப் பேராசிரியராக்கினார். ஒரே ஆள், ரெண்டு முழுநேர வேலை, நடுவில் தலைநகரத்துக்கு அலைச்சல், மண்ணியலுக்குத் தனி நிறுவனம் வேணும் என்று அதிகாரிகளோட ஓயாத போராட்டம்.

1895-ல் உடம்பு விழுந்துடுச்சு. தாங்க முடியாத தலைவலி, மனச்சோர்வு. வேலையை விட வேண்டியதாச்சு. மனைவி அன்னா பெண்கள் பள்ளி நடத்தினவர், 1880-ல் கல்யாணம் ஆன நாளில் இருந்து அவர் வேலைக்குத் துணையா இருந்தவர். அவர் 1897 தொடக்கத்தில் புற்றுநோயில் இறந்துட்டார். அதுக்கப்புறம் தொகுச்சாயேவ் மனநோய் மருத்துவமனையில் சில காலம் இருக்க வேண்டி வந்தது.

திரும்பி வந்தார் என்பதுதான் ஆச்சரியம். 1898-ல் இருந்து காக்கசஸ் மலைகளுக்குப் போனார். சமவெளியில் வடக்கே இருந்து தெற்கே போகப் போக மண் பட்டை பட்டையா மாறுற மாதிரி, மலையில் கீழ இருந்து மேல போகப் போகவும் மாறணும் என்று முன்கூட்டியே கணிச்சிருந்தார். அங்க போய்ப் பார்த்தப்போ அப்படியே இருந்தது. 1899-ல் இயற்கை வட்டாரங்கள் பத்தி எழுதினது அந்த நல்ல நாட்களில்தான். அடுத்த வருஷம் சிபிர்த்சேவ் காசநோயில் போயிட்டார். தனக்கு அப்புறம் துறையைத் தாங்குவான் என்று நம்பின சிஷ்யன். நோய் மறுபடி வந்தது, இந்தத் தடவை விடல. 1901-க்கு அப்புறம் அவரால் எழுத முடியல. 1903 நவம்பர் 8-ல் இறந்தார். வயசு 57. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அன்னாவின் பக்கத்திலேயே புதைச்சாங்க. அடுத்த வருஷம் அந்த நகரத்தில் அவர் கேட்டுக்கிட்டே இருந்த மண் அருங்காட்சியகம் திறந்தது.

அவர் எழுதினது ரஷ்ய மொழியில் என்பதால் வெளியுலகத்துக்கு வர நாளாச்சு. மாணவர் கிளிங்கா 1914-ல் ஜெர்மனில் எழுதினார், அதை அமெரிக்காவின் மார்பட் 1927-ல் ஆங்கிலத்துக்குக் கொண்டு வந்தார். 1941-ல் ஹான்ஸ் ஜென்னி அந்த அஞ்சு காரணிகளையும் ஒரு ஃபங்ஷன் மாதிரி எழுதிப் புத்தகம் போட்டார். நம்மை மாதிரி ஆட்களுக்குச் சமன்பாடாக் கொடுத்தாத்தானே புரியும்.

அந்தக் கண்ணோட நம்ம கரிசலைப் பார்த்தா, கறுப்பா இருக்கிறதாலேயே இதை வெப்பநாட்டுச் செர்னோசியம் என்று சிலர் அழைச்சது எவ்வளவு தூரம் தப்பு என்று புரியும். நம்ம வெயிலில் மக்கு தங்காது. கரிசலில் அது பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் கீழ். இருக்கிற கொஞ்சம் மக்கும் களியோட இறுகப் பிணைஞ்சு இந்த நிறத்தைக் கொடுக்குது. இந்தியாவிலும் கறுப்பு மண்ணுக்கு அதே பழைய சண்டை நடந்திருக்கு. எரிமலைப் பாறை கரைஞ்சது என்று ஒரு கட்சி, ஏரிச் சேறு என்று ஒரு கட்சி. தக்காணத்தில் எரிமலைப் பாறை இருக்கு, சரி. அருப்புக்கோட்டை வட்டாரத்தில் அடியில் இருப்பது நைஸ் மாதிரியான பழைய பாறைகள், பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் பட்டைகள். தாய்ப்பாறை வேற, ஆனா சமதரை, வடிகால் இல்லாமை, நீளமான வறட்சி, சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்து இங்கேயும் அதே வீங்குற களியை உருவாக்கியிருக்கு. கோடையில் கை நுழையிற அளவுக்கு வெடிக்கும். மேல் மண் அந்த வெடிப்புக்குள்ள விழும். ஐப்பசி மழையில் வீங்கி, உள்ள விழுந்தது வெளிய தள்ளும். ஸ்டெப்பியில் பிராணிகள் பண்ணின வேலையை இங்க வெடிப்பு பண்ணுது. இப்போதைய அமெரிக்க வகைப்பாட்டில் செர்னோசியம் மாலிசால், கரிசல் வெர்டிசால். 'புரளுறது' என்ற அர்த்தமுள்ள லத்தீன் சொல்லில் இருந்து வந்த பேர். ஆத்து வண்டல் ஃப்ளூவெண்ட். அதை அடையாளம் காண அவங்க கேட்கிற ஒரு சோதனை, ஆழம் போகப் போக கார்பன் சீராக் குறையுதா, தாறுமாறாப் போகுதா என்பது. வேற ஒண்ணும் இல்ல, புதைஞ்சு போன புல்தரைகளை எண்றதுதான்.

மல்லாங்கிணத்துக் கரிசல் காட்டில் கிணறு வெட்டுற இடத்தில் எட்டிப் பார்த்தா, கறுப்பு ஒரே சீரா இறங்கி, அடியில் சுக்கான் கல் வெள்ளையாத் தட்டும். திருச்சுழியில் குண்டாத்துக் கரை சரிஞ்ச இடத்தில் மணல் ஒரு கோடு, வண்டல் ஒரு கோடு, மறுபடி மணல். கண்மாயில் தூர் வாரி வண்டலை டிராக்டரில் கொண்டு வந்து கரிசல் காட்டில் கொட்டுறப்போ, வயசான மண்ணுக்கு மேல வயசே ஆகாத மண் ஒண்ணு விழுது. நம்ம பக்கம் அதை ரொம்ப நாளாப் பண்றாங்க.